பேட்டரி ரூமிலிருந்து கார் ஷெட்டுக்கு

2020 ஆகஸ்ட் மாதம், ஊரடங்கு காலம். ராத்திரி இரண்டரை மணி இருக்கும். "ஏங்க, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்குங்க" என்று என் மனைவி எழுப்பினாள். முகமெல்லாம் வேர்வை. கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் காரில் உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்பினேன். அதே 'டக்'. டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. செல்ஃப் எடுக்கவில்லை.

எதிர்வீட்டுப் பிள்ளையைத் தட்டி எழுப்பினேன். லுங்கியோடு ஓடி வந்து தன் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். "நல்ல நேரத்தில் கொண்டு வந்தீங்க சார்" என்றார் டாக்டர். கொண்டு வந்தது நான் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த 'டக்' சத்தம் என்னை விடவில்லை. காரணம், நான் 1974 முதல் 2012 வரை 38 வருடம் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் எக்சேஞ்சின் பேட்டரி ரூமும் பவர் பிளாண்ட்டும் என் பொறுப்பு. ஒரு ஊரின் போன் முழுக்க உயிரோடு இருக்க வேண்டிய பேட்டரியைக் காப்பாற்றியவன், சொந்த வீட்டு வாசலில் நின்ற 35 ஆம்பியர்-அவர் பேட்டரியைச் சாக விட்டேன். அதுவும் இரண்டாவது முறை. 2018-ல் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் அமெரிக்கா போய்த் திரும்பியபோது முதல் பேட்டரி போயிருந்தது. "டெட் சார், மாத்திடுங்க" என்றார் மெக்கானிக். யோசிக்காமல் மாற்றினேன்.

ஊரடங்கில் நான் சும்மா இருக்கவில்லை. 'வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வையுங்க' என்று எல்லாரும் சொன்னார்களே, அதைத் தவறாமல் செய்தேன். ஞாயிறுதோறும் காபி குடித்துவிட்டு இன்ஜினை ஓடவிடுவேன். பிறகு எப்படிப் போயிற்று? ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி நாலைந்து நாள் கழித்து, ஒரு மல்ட்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காரைப் பூட்டி வைத்திருக்கும்போதே கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் என்று ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர், வாரத்துக்கு மூன்றரை. நின்ற இடத்தில் பத்து நிமிஷம் இன்ஜின் மெதுவாக ஓடினால் இரண்டு ஆம்பியர்-அவர் திரும்பி வந்தாலே அதிகம். வாரத்துக்கு ஒன்றரை பற்றாக்குறை. மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இருபது வாரம். முப்பது போயிற்று. 35-ல் முப்பது! கணக்கு அச்சாக உட்கார்ந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டார்ட் ஆனதே என்று நம்பியிருந்தேன். ஸ்டார்ட் ஆவது வேறு, நிறைந்திருப்பது வேறு என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான்.

இந்தப் பேட்டரி சமாச்சாரம் எங்கே தொடங்கியது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1859-ல் கஸ்டோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளை நடுவில் துணி வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். மின்சாரத்தை ஏற்றினால் வைத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுக்கும். தீர்ந்தால் மறுபடி ஏற்றலாம். அதுவரை இருந்த பேட்டரிகள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அவர் காலத்தில் சார்ஜ் செய்ய மின்வாரியமும் கிடையாது, டைனமோவும் கைக்கு வரவில்லை. தூக்கி எறிகிற பழைய வகை பேட்டரிகளை வைத்துத்தான் தன் புது பேட்டரியை ஏற்றினார். ஈயத் தகடு வேலைக்குப் பக்குவப்படவே மாதக்கணக்கில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். 1881-ல் கமில் ஃபோர் என்பவர் ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டில் பூசிவிட்டார். அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. இன்றைக்கு நம் காரில் இருப்பதும் அடிப்படையில் அந்தப் பூச்சுத் தகடுதான்.

அதன் நோயும் அதனோடேயே பிறந்தது. பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. புதிதாகப் படிந்தது பொடிப்பொடியாக இருக்கும், சார்ஜ் ஏற்றினால் கரைந்துபோகும். அப்படியே விட்டுவிட்டால்? சீனிப் பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு அசையாமல் வைத்தால் கல்கண்டு விளைகிறதல்லவா, அதே மாதிரி சல்பேட்டும் சின்னப் படிகம் பெரிய படிகமாகிக் கல்லாகும். அப்புறம் எத்தனை ஏற்றினாலும் கரையாது. எங்கள் பாஷையில் 'செல் சல்பேட் ஆயிடுச்சு'. ஓடித் தேய்ந்து செத்த கார் பேட்டரிகளைவிட, அரைவயிற்றோடு சும்மா நின்று செத்த பேட்டரிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அரைவயிறு கெடுதல் என்றால் வயிறு வெடிக்க ஊட்டுவதும் கெடுதல்தான். நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து பொங்கும். தண்ணீர் வற்றும், தகடு அரிக்கும். ஆக, எப்போது நிறுத்துவது என்பதுதான் சார்ஜ் செய்பவனின் ஒரே கேள்வி.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த சார்ஜ் கடை பலருக்கும் ஞாபகம் இருக்கும். லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, கல்யாண ஊர்வல மைக்செட் பேட்டரி எல்லாம் மூடிகளைத் திறந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். பெயர் எழுதிய அட்டை தொங்கும். வரிசை முழுவதையும் ஒரே சங்கிலியாகக் கோத்து ராத்திரி பூரா ஏற்றுவார்கள். கடைக்காரருக்கு மீட்டரைவிடக் காதுதான் முக்கியம். 'கொதி வந்துடுச்சு' என்பார். ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்ப்பார். மிதவை 1240-ல் நின்றால் கழற்றிவிடுவார். அவர் வேட்டியில் ஆசிட் தெறித்த ஓட்டை இல்லாத இடம் கிடையாது. ஒரு குறை என்னவென்றால், சங்கிலியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்ட்தான். பாதி இறங்கிய பேட்டரியும் முழுக்க இறங்கிய பேட்டரியும் ஒரே பந்தியில். ஒன்றுக்குப் போதாது, இன்னொன்றுக்கு அஜீரணம்.

எக்சேஞ்சில் அந்தக் கதை வேறு. அங்கே பேட்டரியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போக முடியாது. போன் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. ஆரம்ப காலத்தில் இரண்டு பேட்டரி வைத்திருந்தார்கள். ஒன்று ஊருக்கு வேலை செய்யும், மற்றது சார்ஜ் ஆகும், பிறகு மாறிக்கொள்ளும். சார்ஜ் செய்யும் இயந்திரத்தை நேரே லைனில் இணைத்தால் போனில் 'ரீங்' என்று இரைச்சல் கேட்கும் என்பதும் ஒரு காரணம். பிறகு நல்ல ரெக்டிஃபயரும் இரைச்சலை வடிகட்டும் சாதனமும் வந்தபோது இன்னொரு வழி பிறந்தது. பேட்டரியை எப்போதும் சார்ஜரோடு இணைத்தே வைத்திருப்பது. ஊருக்கு வேண்டிய மின்சாரத்தை ரெக்டிஃபயர் கொடுக்கும். பேட்டரி தானாகக் கசிந்து இழப்பதற்கு ஈடாக ஒரு சொட்டு மட்டும் அதற்குப் போகும். அது வேலை செய்யாது, ஆனால் நிறைந்தே இருக்கும். இதற்குப் பெயர் ஃப்ளோட். தண்ணீரில் கட்டை மிதப்பது மாதிரி மிதக்கிறது என்று பொருள்.

மிதக்க வைப்பதில்தான் வித்தை. எங்களுடையது 24 செல். ஒரு செல்லுக்கு 2.15 முதல் 2.2 வோல்ட் வரை வைக்க வேண்டும். இதற்குக் கொஞ்சம் கீழே போனால் சல்பேட், மேலே போனால் தண்ணீர் வற்றல். ஒரு வோல்ட்டின் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பேட்டரியின் ஆயுள் இருந்தது! நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் மூத்த மெக்கானிக் என்னை பேட்டரி ரூமுக்கு அழைத்துப் போனார். ஆசிட் படாத ஓடு பதித்த தரை, மேலே எக்ஸாஸ்ட் ஃபேன், வரிசையாகக் கண்ணாடித் தொட்டியில் செல்கள். "தம்பி, இங்கே பீடி மட்டும் பத்த வைக்காதே. மத்ததெல்லாம் நான் சொல்லித் தரேன்" என்றார். 24 செல்லில் ஒன்றை 'பைலட் செல்' என்று குறித்து வைத்திருப்போம். தினமும் அதன் வோல்டேஜ், அடர்த்தி, சூடு மூன்றையும் லாக் புக்கில் எழுத வேண்டும். சூடு 27 டிகிரிக்கு மேலே போனால் அதற்குத் தகுந்தபடி அடர்த்தியைத் திருத்தி எழுத வேண்டும். நான் ஒருநாள் சோம்பல்பட்டு நேற்றைய எண்ணையே எழுதிவிட்டேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேத்து மழை. இன்னிக்கு வெயில். செல்லுக்குத் தெரியாதா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரை ஒரு எண்ணையும் நான் பார்க்காமல் எழுதியதில்லை.

1977 நவம்பர் 12 புயலை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறியது. நான் அப்போது கீழத்தஞ்சையில் ஒரு சின்ன எக்சேஞ்சில் இருந்தேன். மின்கம்பங்கள் எல்லாம் படுத்துவிட்டன. வெளியூர்க் கம்பிகள் அறுந்துவிட்டன. ஊருக்குள் தரைக்கு அடியில் கேபிளில் போன கொஞ்சம் இணைப்புகள் மட்டும் பேசின. அதில் ஆஸ்பத்திரியும் போலீஸ் ஸ்டேஷனும் உண்டு. இன்ஜின் ரூமில் தண்ணீர் புகுந்ததால் ஜெனரேட்டரை ஓட்ட மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை அந்த 24 கண்ணாடித் தொட்டிகள்தான் தாங்கின. மெழுகுவர்த்தியைக் கொண்டுவராதே என்று மூத்தவர் கத்தியதும், டார்ச் வெளிச்சத்தில் மணிக்கொருதரம் பைலட் செல்லை அளந்ததும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

காருக்கு வருகிறேன். 1912-ல் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் காடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தும் வரை, காரை ஸ்டார்ட் செய்யக் கைதான். பிறகும் வெகுகாலம் ஹேண்டில் கூடவே வந்தது. நம் அம்பாசடரில் இருந்ததே! பேட்டரி டவுன் என்றால் டிரைவர் ஹேண்டிலைச் சொருகி ஒரு சுற்றுச் சுற்றுவார், இல்லையேல் நாலு பேர் தள்ளுவார்கள். இப்போதைய காரில் ஹேண்டிலுக்கு ஓட்டையே இல்லை. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் தள்ளியும் பயனில்லை. பேட்டரி ஒன்றை நம்பித்தான் வண்டி.

அந்த பேட்டரியும் மாறியது. பழைய தகடுகளில் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்திருந்தது. உறுதி தரும், ஆனால் கசிவும் தண்ணீர் வற்றலும் அதிகம். 1935-ல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ஹேரிங், தாமஸ் என்ற இருவர் ஆன்டிமனிக்குப் பதிலாகக் கொஞ்சம் கால்சியம் கலந்தார்கள். எக்சேஞ்ச் பேட்டரி வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் மிதக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. பல வருடம் கழித்து அந்தக் கால்சியம் தகடுதான் 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்ற லேபிளோடு கார்களுக்குள் வந்தது. எங்கள் இலாகாவின் சொத்து என்று எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆனால் அந்த லேபிள் நிறையப் பேரை ஏமாற்றிவிட்டது, என்னையும் சேர்த்து. தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம். கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. சூடு பத்து டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் ஊர் மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள்.

சார்ஜரின் கதையும் இதற்கு இணையாகவே வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் டங்ஸ்டன், ஆர்கான் இரண்டையும் சேர்த்து 'டங்கார்' என்று பெயரிட்ட பல்பு வந்து, கராஜ்களில் பேட்டரி ஏற்றியது. பிறகு செலினியம் தட்டுகள், சிலிக்கான் டையோடுகள். எல்லாம் ஏற்றும், எதற்கும் நிறுத்தத் தெரியாது. என்னோடு ரிட்டயர் ஆன நண்பர் ஒருவர் கனமான பழைய வகை சார்ஜரை வாங்கி ஸ்கூட்டர் பேட்டரியில் மாட்டிவிட்டுக் கும்பாபிஷேகத்துக்குப் போய்விட்டார். மூன்று நாள் கழித்து வந்தால் பேட்டரி பலாக்கொட்டை மாதிரி உப்பியிருந்தது.

என் மாப்பிள்ளைதான் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்றை வாங்கி அனுப்பினார். சோப்புப் பெட்டி அளவு. 'இது என்ன செய்துவிடும்' என்ற இளக்காரத்தோடுதான் புது பேட்டரியில் மாட்டினேன். மீட்டரையும் கூடவே வைத்தேன். முதலில் முழுக் கரண்ட் கொடுத்தது. வோல்டேஜ் மெல்ல ஏறி 14.4-ல் நின்றது. அதன் பிறகு கரண்ட் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. நாலைந்து மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். 13.5.

கார் பேட்டரியில் ஆறு செல். 13.5-ஐ ஆறால் வகுத்தால் 2.25. எங்கள் எக்சேஞ்சில் பிற்பாடு வந்த மூடிய வகை பேட்டரிகளுக்கு நாங்கள் வைத்த ஃப்ளோட் அதே 2.25 தான்! அந்த பேட்டரி ரூமும், ரெக்டிஃபயரும், லாக் புக்கும், மூத்த மெக்கானிக்கும் எல்லாம் சேர்ந்து இந்தச் சோப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. வாசலில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மனைவி, "என்னங்க ஆச்சு?" என்றாள்.

இதைப் படிக்கும் நம் ஆட்களில் பலருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில். கார் பாதி வருடம் நிற்கிறது. வாங்குவதானால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அது தானாகவே வேலையைத் தொடருமா? சில சார்ஜர்களில் மறுபடி பட்டனை அழுத்தினால்தான் உண்டு. நீங்கள் அமெரிக்காவில் இருக்க, இங்கே ஐந்து நிமிஷம் கரண்ட் போய் வந்தால் போதும், சார்ஜர் சும்மா விளக்கை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் ஊருக்கு இதுதான் முதல் கேள்வி. கடைக்காரருக்குத் தெரியாது. வீட்டில் மாட்டி, ஸ்விட்சை அணைத்துப் போட்டு நீங்களே பாருங்கள்.

அடுத்தது சூடு. 25 டிகிரிக்கு 13.6 சரியென்றால் 35 டிகிரிக்கு 13.4 தான் சரி. சூட்டைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் வகை கிடைத்தால் நல்லது. அளவு பெரிதாக வேண்டாம். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு மூன்று, நாலு ஆம்பியர் தாராளம். நிறைந்ததை நிறைவாக வைத்திருக்க மட்டும் என்றால் ஒரு ஆம்பியரே போதும். சாதாரண பேட்டரி, ஏஜிஎம், ஜெல் ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு இருக்கும். உங்கள் பேட்டரி மேல் எழுதியிருப்பதைப் பார்த்து அமைக்க வேண்டும். லித்தியம் என்றால் அதற்கென்றே உள்ள சார்ஜர்தான். 'ரீகண்டிஷன்' என்று ஒரு பட்டன் இருக்கும். அது கிட்டத்தட்ட 16 வோல்ட் வரை ஏற்றிப் பழைய சல்பேட்டை உடைக்கப் பார்க்கும். ஜெல்லுக்கு ஆகாது. காரில் இணைந்திருக்கும்போதும் வேண்டாம், உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது. கல்கண்டு முற்றிப்போனால் அந்த பட்டனும் ஒன்றும் செய்யாது. நான் 2020-ல் செத்த பேட்டரியில் இரண்டு முறை முயன்றேன். விட்டுவிட்டேன். அடியோடு இறங்கிய பேட்டரியை இந்த சார்ஜர்கள் பேட்டரி என்றே கண்டுகொள்ளாமல் விடுவதும் உண்டு, சார்ஜர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள்.

மாட்டும்போது கிளிப்புகளை முதலில் போட்டு, பிளக்கைக் கடைசியில் போடுங்கள். கழற்றும்போது பிளக் முதலில். கறுப்புக் கிளிப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி வண்டியின் இரும்பில் மாட்டுவது உத்தமம். பேட்டரி அருகே பொறி பறக்கக் கூடாது. மூத்தவர் பீடியைப் பற்றிச் சொன்னதும் இதைத்தான்.

சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு, கீழே கார் நிறுத்தும் இடத்தில் பொது மீட்டரிலிருந்து பிளக் கொடுக்க சங்கத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெட்டி நாலைந்து வாட் தின்றாலும் மாதத்துக்கு மூன்று யூனிட்டைச் சுற்றித்தான் வரும். கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பொதுக்குழுவில் முக்கால் மணி நேரம் விவாதித்து நிராகரித்தார்களாம். அவருக்கு நான் சொன்ன மாற்று வழி, ஊருக்குப் போகுமுன் பேட்டரியை நன்றாக நிறைத்துவிட்டு, கறுப்பு முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது. காரின் கசிவு நின்றுவிடும், பேட்டரியின் சொந்தக் கசிவு மட்டும்தான். இரண்டு மூன்று மாதத்துக்குப் பயமில்லை. அலாரமும் கடிகாரமும் வேலை செய்யாது, அவ்வளவுதான். போகுமுன் ரேடியோ கோட் இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

2020 ஆகஸ்டில் போட்ட பேட்டரி இந்த ஆகஸ்டோடு ஐந்து வருடம் முடித்துவிட்டது. சார்ஜர் ஒயரை ஷெட் ஜன்னல் வழியாக இழுத்து விட்டிருக்கிறேன். பக்கத்தில் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. சார்ஜர் தானே பார்த்துக்கொள்ளும், எழுத வேண்டிய அவசியமே இல்லை என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையும் சொல்கிறார். இருந்தாலும் ஞாயிறு காலையில் காபிக்குப் பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு, குளித்துச் சாமி கும்பிட்டு வந்து அளக்கிறேன். இன்றைய வரி: சூடு 31, வோல்டேஜ் 12.72. கீழே இனிஷியல் போட்டிருக்கிறேன்.